பூஜ்யம் என்று விட்டுவிடும் மின்னோட்டம்

திண்டிவனம்–மரக்காணம் சாலையில் ஒரு வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிஎச் மீட்டர் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். வாங்குபவர்களில் பலர் மரக்காணம் பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள். குளத்துத் தண்ணீரின் பிஎச் காலைக்கும் மாலைக்கும் 0.5க்கு மேல் மாறக்கூடாது என்பது இறால் வளர்ப்பவர்களின் கணக்கு. பிஎச் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். அரைப் புள்ளி பிசகும் மீட்டரை நம்பிச் சுண்ணாம்பு போட்டால் இறால் தாங்காது.

மீட்டருக்குள் அந்த அரைப் புள்ளி என்பது சுமார் 30 மில்லிவோல்ட். அதைச் சாதாரண மல்டிமீட்டரே காட்டுமே என்று கேட்டேன். "வச்சுப் பாருங்க சார்" என்று எலக்ட்ரோடை நீட்டினார் பட்டறைக்காரர். எண்ணே அசையாத மாதிரிதான். எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழுக்குப் பத்துக் கோடி ஓம் அளவுக்கு மின்தடை. மல்டிமீட்டருக்கோ ஒரு கோடி ஓம்தான். வருகிற வோல்ட்டில் பதினொன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். 1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க ஆர்னால்டு பெக்மன் வெற்றிடக் குழாய் பெருக்கியைக் கொண்டுவந்ததும் இதே சிக்கலுக்காகத்தான்.

அந்தக் குழாயின் வேலையை இங்கே ஆப்-ஆம்பு என்ற பெருக்கி ஐ.சி. செய்கிறது. கல்லூரியில் அதற்குள் போகும் மின்னோட்டம் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இவர்கள் பிழைப்பே அந்தப் பூஜ்யத்தில். சிஏ3140 என்ற பழைய, விலை மலிந்த ஐ.சி. இழுப்பது 10 பிகோ ஆம்பியர் அளவு. அதனால் வரும் பிழை 1 மில்லிவோல்ட், பொறுத்துக்கொள்ளலாம். கெடுப்பது போர்டு. 5 வோல்ட் தடத்திலிருந்து உள்ளீட்டுக் காலுக்கு 1,700 கோடி ஓம் அளவில் ஒரு கசிவுப் பாதை இருந்தாலே அரைப் புள்ளி போய்விடும். சால்டரிங்கில் மிஞ்சிய ஃபிளக்ஸும் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்தால் அதைவிடத் தாராளமாகவே வழிவிடும்.

அங்கே வேலை செய்யும் அக்காவின் கையைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.யின் உள்ளீடான மூன்றாவது காலை மட்டும் போர்டில் இறக்காமல் மேல்நோக்கி வளைக்கிறார். எலக்ட்ரோடு கனெக்டரின் நடுமுனையிலிருந்து வரும் கம்பியை அந்தரத்திலேயே அதனோடு பற்றவைக்கிறார். காற்றைவிடச் சிறந்த இன்சுலேட்டர் இந்தக் காசுக்குக் கிடைக்காது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பு, டிஸ்டில்டு வாட்டரில் அலசல், பல்பு வெப்பத்தில் உலர்த்தல். அதற்கப்புறம் அந்த இடத்தில் விரல் படக்கூடாது. கை நீட்டியவனை, "வேர்வை சார், தொடாதீங்க" என்று தடுத்தார்.

விலையுயர்ந்த கருவிக்கும் இதற்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதியை இந்தக் கழுவலே கடந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் தேசிய ஆய்வகம் இருக்கும் மாநிலத்தில், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதை ஒரு முறையாவது கையால் செய்யவைக்க வேண்டும்.

முடிந்த மீட்டரை ஈரத்துணி போட்ட டப்பாவில் இரவெல்லாம் மூடி வைக்கிறார்கள். காலையில் தெரிந்த வோல்ட் ஒன்றை நேராகக் கொடுத்தும், பத்துக் கோடி ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் போர்டு திரும்பவும் பிரஷ்ஷுக்குப் போகிறது.