மருந்து தட்டிலும் இருக்கிறது

(ஒரு மாணவி, இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் பச்சிலையும் சூரணமும் இல்லை. பசித்தபின் அளவறிந்து உண்பதே பெரிதும் பேசப்படுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தின் பொருள், எனக்கு ஒரு நோய் வந்தபின்தான் விளங்கிற்று.

சினைப்பை நீர்க்கட்டி என்று மாணவியர் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும் நோய் அது. மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்பர். 1935-இல் சிக்காகோ மருத்துவர்கள் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் இதை விளக்கி எழுதினர். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டி என்று பெயர் இருப்பினும் அவை கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சினை நுண்ணறைகளே. பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் உடல் அதை மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையில் ஆண்தன்மை தரும் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகப்பருவும், மோவாயில் முடியும் இதனால்தான்.

எனக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போயிற்று. “நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரங்க கேட்டா என்னத்த மக்களே சொல்லுவேன்?” என்று அம்மை கண் கலங்கினாள். இரத்தமும் ஸ்கேனும் பார்த்த மருத்துவர், “அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலன் தெரியும்” என்றார். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று ஓர் உணவுப் பட்டியலும் கிடைத்தது. கொத்து வேலைக்குப் போகும் அப்பாவின் சம்பளத்துக்கு அது எட்டாது.

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் மரச்சீனிக் கிழங்கு. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) ஊக்குவித்த பயிர். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது பசியாற்றிய பயிர். அதைப் பழிக்க மனம் வரவில்லை. வெயிலில் கல் சுமக்கும் அப்பாவுக்கு அது வலிமை. பகலெல்லாம் பெஞ்சில் அமரும் எனக்கு அளவு வேண்டும்.

முதல் மாதம் எனக்கென்று தனிச் சமையல், அது நிலைக்கவில்லை. பின்னர் அம்மை எல்லோருக்கும் ஒரே சமையலாக்கினாள். புட்டுக்குச் சீனி போய் அவித்த சிறுபயறு வந்தது. மதியம் என் தட்டில் பாதி கீரையும் துவரனும், கால் பங்கு சோறு, கால் பங்கு சாளை மீன். சாயாவில் சீனி இல்லை. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பேருந்தைவிட்டு இறங்கி நடந்தேன். வாரம் 150 நிமிடம் கணக்காயிற்று.

எட்டு மாதத்தில் 68 கிலோ 63 ஆயிற்று. இப்போது நாற்பது நாளுக்குள் மாதவிலக்கு வந்துவிடுகிறது. மோவாய் முடி மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சை அம்மை எடுப்பதில்லை. சீனி டப்பாவையும் எடுப்பதில்லை!

தோழியரே, ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக மாதவிலக்கு வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். மெலிந்தவர்க்கும் இது வரும். பிள்ளைப்பேறே இல்லை என்று இதற்குப் பொருளன்று. மாத்திரை தந்தால் உணவை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நம் சிற்றுண்டிச் சாலையில் பழம்பொரிக்கு அருகே ஒரு தட்டு சுண்டலும் வைக்க ஆவன செய்யுங்கள்.