மூன்றாவது துளைக்கும் வயர் வேண்டும்

உத்தமபாளையத்தில் அந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் வயர்மேன் முதலில் செய்த காரியம், மீட்டர் பலகையிலிருந்த ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். மெயினை அணைத்தால் போதாதா என்று கேட்டேன்.

"நான் உள்ள கைய விட்டிருக்கேன். ஃபேன் ஓடலையேன்னு யாராச்சும் வந்து மெயினைப் போட்டுட்டா? கட்டை என் பையில இருந்தா எவரும் போட முடியாதுல்ல."

கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை பார்க்கிறவர். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் இந்த வயல்களுக்கு வருகிறது. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், பழைய வீடுகளின் வயரிங் இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டதாகவே நின்றுவிட்டது. 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. பொருள்கள் வந்தன, அவற்றைச் செருகப் பிளக் கூடவே வரவில்லை. இந்த வீட்டிலும் ஒரே ஒரு 5 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, கிரைண்டரில் தொடங்கி ஃபிரிட்ஜ் வரை அதிலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பிளக்கின் மூடியைக் கழற்றிக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. உள்ளே இரண்டே வயர்கள். எர்த் துளையின் திருகு கடையில் வாங்கியபோது இருந்தபடியே இருந்தது.

"கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்கும்ணே. செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் மாவாட்டுவேன்" என்றார் அந்த வீட்டு அம்மா. பல வருடம் அப்படித்தான் ஆட்டியிருக்கிறார்.

புதிய பவர் பிளக் 16 ஆம்பியர். அதற்கு இரண்டரை ஸ்கொயர் எம்.எம். வயர். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வயரின் தோலைச் சீவும்போது அவர் கை நிதானப்பட்டதைப் பார்த்தேன். செம்பு இழை ஒன்றுகூட அறுபடவில்லை. முறுக்கினார், துளைக்குள் சொருகினார், திருகை முடுக்கினார். பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து ஒரு இழு. "வந்துச்சுன்னா லூசுன்னு அர்த்தம். லூசான இடத்துலதான் சூடேறும். பழுப்பு ஏறினது அப்படித்தான்." நமக்கு எதிரே பார்த்தால் வலது பக்கம் பேஸ், இடது நியூட்ரல், மேலே எர்த். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் கொடுத்தாலும் கிரைண்டர் ஓடும், நிற்கும். ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் பிளக்கில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

மூன்று பின்னில் மேல் பின் மட்டும் நீளமாக இருப்பது எதற்கென்று உதவியாளராக வந்த பையன் விளக்கினான். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். அந்தப் பின்னைத்தான் பல வீடுகளில் உடைத்து எறிகிறார்கள்.

எர்த் குழியைப் பாத்திரம் விளக்கும் தண்ணீர் போகிற ஓரத்தில் தோண்டியிருந்தார்கள். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும். இந்தச் செலவுக்குப் பயந்து சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துவிடுகிறார்களாம். இதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் இல்லை என்பேன். எங்காவது நியூட்ரல் அறுந்தால், கிரைண்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும்.

குழி வெட்டினால் மட்டும் போதாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போகும் வழியில் மொத்தம் 10 ஓம் தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. வேண்டும். தமிழ்நாடு மின்சார விநியோக விதித்தொகுப்பும் இதை வலியுறுத்துகிறது. இந்த வீட்டில் அன்றுதான் மாட்டினார்கள்.

அதை மாட்டுவதற்கு முன் 100 வாட் குண்டு பல்பை எடுத்துப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். நியூட்ரலில் எரிந்த அதே வெளிச்சம். "டெஸ்டர் எரிஞ்சா பேஸ் இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். எர்த் இருக்கான்னு இந்தப் பல்புதான் சொல்லும்."

இவ்வளவு தெரிந்தவர்கள் இருந்தும் ஏன் வீட்டுக்கு வீடு எர்த் இல்லை? கூலி முறையில் இருக்கிறது கோளாறு. இது பாயிண்ட் கணக்கு. லைட் ஒரு பாயிண்ட், ஃபேன் ஒரு பாயிண்ட், பிளக் ஒரு பாயிண்ட். பச்சை வயர் எந்தப் பாயிண்டிலும் சேராது. அது இல்லாமலும் எல்லாம் ஓடும் என்பதால் வீட்டுக்காரரும் கேட்பதில்லை. இழுத்தவருக்கு நேரமும் வயரும்தான் நஷ்டம். கண்ணாடிகூடப் போடாமல் உளியால் சுவரை வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை இன்னும் எழுதவில்லை. "இந்தத் தடவை எழுதிருடா" என்று வேலைக்கு நடுவிலும் பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுத வேண்டும். தேர்ச்சி பெற்ற கைக்குக் கூடுதல் கூலி கொடுக்க நாமும் தயாராக வேண்டும்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை பிளக் மாற்ற ஆள் வரும்போது, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். எர்த்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீடென்றால், பல்பை வைத்து எரிய விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருந்தால், அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். மின்சாரம் நிற்கவில்லையென்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.