எறும்பு ஊரக் கல்லும் தேயும்



இந்தப் பழமொழியை நாம் எல்லோரும் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது என்பது பாலிடெக்னிக்குக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உரசும்போது ஏற்படும் தேய்மானம், அழுத்துகிற விசைக்கும் உரசுகிற தூரத்துக்கும் நேர்விகிதம். தேய்கிற பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதம். 1953-ல் ஆர்ச்சர்ட் என்ற விஞ்ஞானி வெளியிட்டது. எறும்புக்கு எடை ஏது? ஆனால் அது ஊருகிற தூரத்துக்குக் கணக்கே இல்லை. அதனால்தான் கல் தேய்கிறது!

நான் விளாத்திகுளத்துக்காரன். அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. அம்மா கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போவாள். எங்க வீட்டுல பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான்.

போன வருஷம் அம்மா உரம் வாங்க ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் ஸ்வைப்பிங் மெஷினில் கார்டைச் செருகினார். எடுக்கவில்லை. மூன்று முறை செருகிப் பார்த்துவிட்டு, "ஒங்க கார்டு போச்சும்மா, பேங்க்ல போயி மாத்துங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். அம்மா முந்தானையால் கார்டைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்த தெருக் கடையில் அதே கார்டு முதல் தடவையிலேயே எடுத்தது. அப்பவும் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நம்ம கார்டுலதான் அழுக்கு இருந்திருக்கும்யா." மெஷின் மேல் குற்றம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்துதான் அந்த மெஷினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கார்டின் நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ., கனம் 0.76 மி.மீ. உலகம் முழுவதும் இதே அளவுதான். அதன் சிப்பின் மேல் தங்க நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். மெஷினுக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் தொடுமுனை உண்டு. செம்புக் கலவையில் செய்து, நிக்கல் பூசி, அதன்மேல் தங்கம் பூசியிருப்பார்கள். அந்தத் தங்கம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது கார்டின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

விலை குறைந்த மெஷின்களில் கார்டு உள்ளே போகும்போதே தொடுமுனைகள் அதன் உடம்பை உரசிக்கொண்டு போய்த்தான் சிப்பைச் சேரும். வெளியே எடுக்கும்போது மறுபடியும் உரசும். ஒரு நாளைக்கு 100 கார்டு என்று வைத்தால் வருஷத்துக்கு 36,500 முறை. பிளாஸ்டிக் மென்மையானது, அதனால் பெரிய சேதம் இல்லை. இப்போது வசதியானவர்கள் கையில் துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் செய்த கார்டுகள் வந்துவிட்டன. 2019-ல் ஆப்பிள் கம்பெனியே டைட்டானியம் கார்டு விட்டது. அந்த விளிம்பில் பிசிறு இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் நாம் பிடிக்கிற அரம் மாதிரிதான்! தங்கம் போய், நிக்கலும் போனால், உள்ளே இருக்கிற செம்பு வெளியே வரும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு அது போதும். உப்பளத்து மோட்டாரில் போல்ட்டு நட்டு என்ன கதி ஆகும் என்று எங்க அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

சரி, வழி என்ன? ஆர்ச்சர்ட் சூத்திரத்திலேயே இருக்கிறது.

முதலாவது, தூரத்தைக் குறைப்பது. கார்டு கடைசிவரை போன பிறகு தொடுமுனைகள் மேலிருந்து சிப்பின் மீது இறங்கி உட்காருகிற மாதிரி அமைப்பு உண்டு. உலோக உடம்பை அது உரசுவதே இல்லை. சிப்பின் மேல் மட்டும் துளி நகரும். அந்தத் துளி உரசலும் வேண்டும், அதுதான் அழுக்கைத் துடைக்கிறது. இரண்டாவது, கடினத்தைக் கூட்டுவது. சுத்தத் தங்கம் மென்மை; துளி கோபால்ட் சேர்த்தால் கெட்டிப்படும். மூன்றாவது, விசை. ரொம்ப அழுத்தினால் தேயும், ரொம்பக் குறைத்தால் தொடர்பு விட்டுப்போகும். இதோடு இன்னொன்று: உலோகக் கார்டு இரண்டு தொடுமுனைகளைச் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகும். ஆகவே கார்டு முழுசாக உள்ளே போய்க் கடைசியில் இருக்கும் சுவிட்சை அழுத்திய பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

'தொட்டுக் காட்டினால் போதுமே, எதற்குச் செருகணும்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். தமிழ்நாட்டில் 2017-ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் கார்டில் கியூ.ஆர். கோடைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள், அங்கே உரசலே கிடையாது. ஆனால் பேங்க் கார்டைத் தொட்டுக் காட்டுவதில், பின் நம்பர் இல்லாமல் 5,000 ரூபாய் வரைதான் என்று 2021-ல் ரிசர்வ் வங்கி வரம்பு வைத்தது. அதோடு, தொட்டுக் காட்டும் வசதி இல்லாத பழைய கார்டுகளும் ஊரில் உண்டு. அவர்களுக்குச் செருகுவதுதான் வழி.

நண்பர்களே! உலோகக் கார்டு வைத்திருப்பவருக்கு ஒரு மெஷின் எடுக்காவிட்டால் பையில் இன்னொரு கார்டு இருக்கும். தேய்ந்த மெஷினில் மாட்டிக்கொள்வது அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற, ஒரே ஒரு கார்டு வைத்திருக்கிற ஆள்தான். மெஷின் பொதுச் சொத்து மாதிரி. அதை வடிவமைக்கிறவன் கடைசியில் நிற்கிறவரை நினைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

நாளைக்கு நம்மில் சிலர் டிசைன் பிரிவுக்குப் போவோம், பலர் சர்வீஸ் வேலைக்குப் போவோம். எங்கே போனாலும், ஒரு கார்டு எடுக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால், "கார்டு போச்சு" என்று சொல்வதற்கு முன்னால் வேறு ஒரு கார்டைப் போட்டுப் பாருங்கள். அரை நிமிஷ வேலைதான்.