சீரியம் சீரியஸ் ஆன கதை

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. சரி, அந்த ஆணியைப் பத்தியே ஒரு பதிவு போட்டுடலாம்.

நம்ம க்ளையண்ட் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி. அபாயகரமான சரக்கை லாரியில, கப்பல்ல ஏத்தும்போது எந்த லேபிள் ஒட்டணும்னு சொல்ற மாட்யூல் அடியேனோட டிசைன். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சிஏஎஸ் எண்னு ஒண்ணு உண்டு, நமக்கு ஆதார் மாதிரி. அதையே ப்ரைமரி கீயா வெச்சு, ஒரு பொருளுக்கு ஒரே அபாய வகுப்புன்னு டேபிள் போட்டேன். டமேஜரே "சூப்பர்ப்பா"ன்னுட்டார். தரையில கால் பாவலை.

டெஸ்டிங் நடந்த வாரம் க்ளையண்ட்டோட கிடங்குல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார்.

"தம்பி, சீரியம் சீவல் ஒரு டிரம் போட்டுப் பார்த்தேன். உங்க சிஸ்டம் கட்டிக்கு உண்டான லேபிளைக் கொடுக்குதே?"

"ரெண்டும் சீரியம்தானே சார்? ரெண்டுக்கும் 7440-45-1 தானே?"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏன் தம்பி, விறகடுப்பு பத்த வைக்கணும்னா முழுக்கட்டையிலயா தீக்குச்சியை வெப்பீங்க? சிராய் சீவித்தானே வெப்பீங்க?"

சுருக்குன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஐ.நா. விதிகளைப் படிச்சேன்.

சீரியம் ஒரு அருமண் உலோகம். தகடு, கட்டி, கம்பியா இருந்தா அது யூ.என். 1333, வகுப்பு 4.1, அதாவது எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். அதையே கடைசல்ல சீவின சுருளா, நறநறன்னு பொடியா ஆக்கினா யூ.என். 3078, வகுப்பு 4.3. தண்ணி பட்டா எரியும் வாயுவை விடுற பொருள். வாயு வேற ஒண்ணுமில்லை, ஹைட்ரஜன். உலோகம் அதேதான். வெளியில தெரியுற பரப்பு கூடிப் போச்சு, அவ்வளவுதான்.

இதுக்கான சோதனைகள் நம்ம யூனிட் டெஸ்ட்டை விட எளிமை. தீப்பிடிக்குமான்னு பார்க்க, பொடியை 250 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரத்துக்கு ஒரு வரப்பு மாதிரி போட்டு ஒரு முனையில பத்த வைக்கிறாங்க. உலோகப் பொடின்னா, 10 நிமிஷத்துக்குள்ள மறுமுனை வரைக்கும் தீ போனா 4.1. 5 நிமிஷத்துக்குள்ளயே போனா இன்னும் கடுமையான பேக்கிங். தண்ணிச் சோதனையில, ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 லிட்டருக்கு மேல எரியும் வாயு வந்தாலோ, வந்த வாயு தானா பத்திக்கிட்டாலோ 4.3. முக்கியமான விஷயம், பொருளை விற்பனைக்குப் போற உருவத்துலயே சோதிக்கணும். பேரைச் சோதிக்கிறதில்லை, உருவத்தைச் சோதிக்கிறாங்க. நான் பேருக்கு மட்டும்தான் டேபிள் போட்டிருந்தேன்.

இத்தனைக்கும் எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மணவாளக்குறிச்சி மணல் ஆலையைத் தாண்டித்தான் அத்தை வீட்டுக்குப் போவோம். அந்தக் கடற்கரை மணல்ல இருக்கிற மோனசைட்லயே சீரியம் உண்டு. அப்பா சட்டைப் பையில வருஷக்கணக்கா ஒரு சிகரெட் லைட்டர் கிடந்துச்சு. அதுல இருக்கிற 'கல்லு' உண்மையில கல்லே இல்லை. 1903-ல ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடிச்ச, சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். பையில கிடக்கிற வரைக்கும் சமர்த்து. சக்கரம் சுரண்டினா, உதிர்ற துகள் காத்துலயே பத்திக்கும். கண்ணு முன்னாடியே பாடம் நடந்திருக்கு, நான்தான் கவனிக்கலை.

லேபிள்தானே, மாறினா என்னன்னு கேக்கலாம். தீயணைப்பு வண்டி வந்து நிக்கும்போது அவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான். 4.3-க்கு நீல லேபிள். அதைப் பார்த்தா தண்ணியைத் தூக்கமாட்டாங்க, உலர்ந்த மணலைத் தேடுவாங்க. என் சிஸ்டம் கொடுத்ததோ சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட 4.1. அதை நம்பி யாராவது எரியுற சீவல் மேல தண்ணியை அடிச்சிருந்தா? அந்த நினைப்புல ரெண்டு நாள் சரியா தூக்கம் வரலை.

டேபிளை மொத்தமா மாத்தினேன். ரெண்டு வீக்கெண்ட் காலி. இப்ப பொருளோட சேர்த்து 'உருவம்'னு ஒரு காலம், காலியா விட்டா சிஸ்டம் நகராது. கோடுல அந்த வரிக்கு மேல ஒரே ஒரு கமெண்ட்: 'சிராய்'. ரிவ்யூ பண்ணின டமேஜருக்கு ஒண்ணும் புரியலை. பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சார்.

டிஸ்கி: லைட்டர் கல்லைச் சுரண்டி யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம். அந்த டிரம்மும் டெஸ்ட் டேட்டாதான். நிஜமா எங்கேயும் போகலை. அதனாலதான் இந்தப் பதிவை இவ்வளவு ஜாலியா எழுத முடியுது.