ஹவில்தாரின் கணக்கு நோட்டு

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. தீபாவளி இரவுகளிலும், சாவு வீட்டில் விடியும்வரை கண்விழிக்க வேண்டிய இரவுகளிலும் ஊரே வட்டமாக உட்கார்ந்து ஆடும். அப்பா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, 1988இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர் அவர். அதை இராணுவ ஒழுக்கம் என்றே அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் இருவரும் நம்பி வளர்ந்தோம். பிறரிடம் பெருமையாகச் சொல்லியும் வந்தோம். அப்பா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 தீபாவளிக்கு மறுநாள், அந்த நம்பிக்கை வேறொன்றாக மாறியது. அதற்குக் காரணம் எங்கள் அக்காவின் மகன்.

வேலூரைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துச் சம்பளம் என்பது தலைமுறைகளாக அடுப்பெரிக்கும் பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். 1895இல் அது 9 ஆயிற்று, 1911இல் 11 ஆயிற்று. முதல் உலகப் போருக்குப் போனவர்கள் அந்தப் பதினொரு ரூபாயை நம்பித்தான் கப்பலேறினார்கள். சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்தது சம்பளம் என்று பொருள் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பொருள் குறையவில்லை.

அப்பாவின் சம்பளம் வந்த வழி எங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதத்தில் ஒருநாள் சம்பளப் பரேடு நடக்கும். பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய், சல்யூட் அடித்து, 'அக்விட்டன்ஸ் ரோல்' என்ற பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். முழுச் சம்பளத்தையும் வாங்க வேண்டும் என்பதில்லை. தேவைப்பட்டதை மட்டும் வாங்கிக்கொண்டால் மீதி அவர் கணக்கிலேயே நிற்கும். குடும்பத்துக்கென்று ஒதுக்கிய தொகை மணியார்டராக வீடு வந்து சேரும். படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடமிருக்கும். அந்த நாலு வரிக்குள் நலம் விசாரிப்பு, எருமை கன்று போட்டதா என்ற கேள்வி, எங்கள் மதிப்பெண் குறித்த கண்டிப்பு எல்லாம் அடங்கிவிடும். அனுப்பியது, வாங்கியது, மிச்சம் நின்றது என்று மூன்று பத்தி போட்டு, நீண்ட கணக்கு நோட்டொன்றை அப்பா எழுதிவந்தார். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் அது இருந்தது.

படைவீரனின் பணத்தை அவனிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. வீரர்களுக்குக் கிடைக்கும் பரிசுத் தொகையில் பாதியைப் படைக்கொடியின் அருகே சேமிப்பாக வைத்துவிட வேண்டும் என்று ரோமானியரான வெகேஷியஸ் எழுதினார். கொடி பிடிப்பவரே கணக்கர். தன் பணம் கொடியருகில் இருக்கிறது என்று அறிந்தவன் கொடியை விட்டு ஓடமாட்டான் என்பது அதற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால் டொமிஷியன் என்ற பேரரசர் இதன் மறுபக்கத்தையும் கண்டார். ஒரே முகாமில் தங்கியிருந்த இரண்டு படைகளின் சேமிப்பு ஒரு தளபதியின் கலகத்துக்குத் துணிவளித்ததாகக் கருதி, ஒருவர் ஆயிரம் செஸ்டர்ஸுக்கு மேல் தலைமையகத்தில் வைக்கக் கூடாது என்று தடை போட்டார். நம் காலத்திலும் இந்தக் கவலை ஓயவில்லை. அமெரிக்காவில் படைமுகாம் வாசல்களில் கடை விரித்திருந்த சம்பள முன்கடன்காரர்களிடம் இளம் வீரர்கள் சிக்கிச் சீரழிந்ததைத் தொடர்ந்து, அவர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஆண்டு வட்டி 36 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2006இல் அந்நாட்டில் சட்டமே வந்தது.

எங்கள் மருமகன் 2023இல் அக்னிவீரனாகச் சேர்ந்தான். 2022இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். கையில் வருவது முதலாண்டில் 21,000, இரண்டாமாண்டில் 23,100 என்று ஏறி, கடைசி ஆண்டில் 28,000 ஆகிறது. பிடித்ததற்கு ஈடாக அரசும் அதே அளவு போட்டு, நான்காண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் 'சேவா நிதி'யாகக் கொடுக்கும். நாலில் ஒருவர் வரைதான் பணியில் தொடரலாம். மற்றவர்களுக்கு அந்த நிதியே எல்லாம், ஓய்வூதியம் இல்லை. படிகளைச் சேர்க்காமல் கூட்டிப் பார்த்தால் நான்காண்டில் கைக்கு வரும் சம்பளமும் 11.72 லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது. ஆக, கையில் வருவதும் கடைசியில் வருவதும் ஒன்றுக்கொன்று சமம். இந்த விவரத்தை முதலில் கண்டுபிடித்து அக்காவுக்கு விளக்கியவர்கள் நாங்கள்தான். அதனால் நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறோம்.

2024 ஆகஸ்டிலிருந்து அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. அக்கா எங்களிடம் வாய் திறக்காமல் மூன்று மாதம் கழித்தாள். தீபாவளிக்கு விடுப்பில் வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மறுநாள் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கணக்கு. முந்தின விடுப்பில் தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 6,800. கைப்பேசிக்கு 3,200. மிச்சம் இருந்ததெல்லாம் கைப்பேசியில் ரம்மி ஆடியதில் போயிற்று. விட்டதைப் பிடிக்க ஒரு கடன் செயலியில் 80,000. பாசறைத் தோழர்களிடம் கைமாற்றாக 60,000.

நாங்கள் அப்பாவின் நோட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தோம். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் கணக்கைப் போட்டுக் காட்டினோம். ஆண்டுக்கு 81,600 ரூபாய் தவணை. அக்னிவீரனுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள். மற்ற நாளெல்லாம் வண்டி எங்கள் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவன் ஏறி ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 2,720 ரூபாய் கொடுக்கிறான். இதைச் சொன்னபோது எங்கள் குரலில் வாத்தியார்த்தனம் ஏறியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவன் தலை குனிந்தபடி சொன்னான்: "சோறு அங்க, துணி அங்க, படுக்கை அங்க. எதுக்கும் காசு குடுக்க வேண்டாம் மாமா. அரிசி என்ன விலைன்னே எனக்குத் தெரியாது. ராத்திரி போனைக் கைல எடுத்தா அது ஒண்ணுதான் நம்முதுன்னு இருக்கும். வேற எதுல செலவு பண்றது?"

இந்தப் பதிலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இளம் வீரர்களின் ஊதாரித்தனம் என்று ஊரில் பேசுவதெல்லாம் விடுப்பில் வரும்போது கண்ணில் படும் செலவைத்தான். கேன்டீன் ரம் கேட்டு வரும் பங்காளிகள், கோயில் நன்கொடை ரசீதோடு வரும் இளைஞர்கள், பட்டாளத்துக்காரன் பஸ்ஸில் வரலாமா என்ற கேலி, எல்லாம் சேர்ந்து அந்தச் செலவைச் செய்ய வைக்கின்றன. மற்ற பதினொரு மாதமும் அவன் விலையே இல்லாத ஓர் உலகில் வாழ்கிறான். அங்கே அவனுடைய சம்பளம் திரையில் தோன்றும் ஓர் எண் மட்டுமே. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவனுக்கு, ஒரு குடும்பம் மாதத்தில் எத்தனை கிலோ அரிசி வாங்கும் என்பதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்புறம் இன்னொண்ணு" என்றான். "நாலு வருசம் கழிச்சு வர்ற பணத்தை இப்பவே ஆளாளுக்குப் பங்கு போட்டுட்டீங்க. அம்மா தங்கச்சி கல்யாணத்துக்குங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு மாடி போடலாம்ங்கறீங்க. எனக்குன்னு இருக்கறது மாசாமாசம் வர்றது மட்டும்தான். அதுக்கும் கணக்குக் கேட்டா எப்படி மாமா?"

நாங்கள் பேசாமல் இருந்தோம். மாடி பற்றிப் பேசியது உண்மை. அதுவும் அவன் எதிரிலேயே, அவன் பயிற்சிக்குக் கிளம்பிய வாரத்திலேயே பேசினோம். அந்தப் பதினொரு லட்சத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன நாங்களே அதை முதலில் செலவழித்தவர்களும் ஆனோம்.

அதுவரை திண்ணையோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள். நோட்டைக் காட்டி, "இது எந்த வருசத்துலேர்ந்து இருக்குது, பாருங்கடா" என்றாள். முதல் பக்கத்தில் 1970 மார்ச், மணியார்டர் 40 ரூபாய் என்றிருந்தது. அப்பா சேர்ந்தது 1968. முந்தைய நோட்டு தொலைந்து போயிருக்கும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம்.

"தொலையல. மொத ரெண்டு வருசம் உங்கப்பா ஒரு பைசா அனுப்பல. எல்லாம் சீட்டுல விட்டாரு. கைக்கடியாரம்கூட அதுலதான் போச்சு. உங்க தாத்தா செத்தப்ப ரயிலுக்குக் காசு இல்லாம கூட இருந்தவங்ககிட்ட வாங்கித்தான் வந்தாராம். உங்க பாட்டி எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவாங்க. அதுக்கப்புறந்தான் இந்த நோட்டு."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க அவரப் பத்தி ஊருல பெருமையா பேசிக்கிட்டிருந்தீங்க, கெடுப்பானேன்னு இருந்தேன்" என்றாள்.

அன்று எங்களுக்கு வருத்தம் வந்ததா, நிம்மதி வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாவு வீடுகளிலிருந்து துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன அப்பாவை நினைத்துக்கொண்டோம். ஒழுக்கத்தால் எழுந்து போன மனிதர் என்று நாங்கள் நினைத்தவர், உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயத்தால் போயிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பயத்தை மூன்று பத்திகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பணத்தில் படித்த நாங்கள் அவருடைய சொந்தச் செலவு என்று நோட்டில் எதுவுமே இல்லாததை ஒருநாளும் கவனித்ததில்லை.

அதன்பின் நடந்தவை சாதாரணமானவை. மோட்டார் சைக்கிளை நட்டத்துக்கு விற்று அதன் கடனை முடித்தோம். செயலிக் கடனை, வட்டி மேலும் ஏறுமுன், நாங்கள் இருவரும் அடைத்தோம். தோழர்களின் கைமாற்றை மாதம் பத்தாயிரமாக அவனே ஆறு மாதத்தில் தீர்த்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. "அதை மூடிட்டாங்க மாமா" என்றான். மகிழ்ச்சியா என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சட்டம் மூடிய வாசலைத் தன்னால் மூட முடிந்திருக்குமா என்ற கேள்வி அவனுக்குள் இருந்திருக்கலாம்.

இப்போது அவன் பெயரில் அஞ்சலகத் தொடர்வைப்பு ஒன்று ஓடுகிறது. எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அக்காவுக்கு ஒரு தொகை மாதம் தவறாமல் வருகிறது. வீட்டில் மாடிப் பேச்சு நின்றுவிட்டது. சேவா நிதியைப் பற்றி அவனே எடுத்தாலொழிய யாரும் பேசுவதில்லை. அவன் நாலில் ஒருவனாகத் தொடர்வானா, ஊர் திரும்புவானா என்பது எங்கள் கையில் இல்லை. திரும்பினால் அந்தப் பணம்தான் அவனுக்கு முதல். அதில் எங்களுக்குப் பங்கில்லை என்பதை அவனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டோம்.

அந்தத் தீபாவளி விடுப்பு முடிந்து கிளம்பும்போது தாத்தாவின் நோட்டைத் தான் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான். கொடுத்தோம். பையில் வைக்குமுன் முதல் பக்கத்தைப் பிரித்து, அந்த 40 ரூபாயைச் சற்றுநேரம் பார்த்தான்.

"தாத்தா மொத்தம் எவ்வளவு தோத்தாரு பாட்டி?" என்றான்.

"அதை அவர் எங்கயும் எழுதலப்பா" என்றாள் அம்மா.