பனையிலும் நிலையிலும்

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்தது கீழக்குயில்குடி. தாமரைத் தடாகமும் ஆலமரங்களும் நிறைந்த அவ்வூரில், ஒரு மாலைப் பொழுதில், ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் இளைப்பாறினோம்.

கதவு நிலையில் ஒட்டியிருந்த மண்கூட்டை இடிக்க அவ்வீட்டுத் தாய் துடைப்பத்தை ஓங்கினார். "வேண்டாம் அம்மா" என்றோம். அது தனித்து வாழும் மண்குளவியின் வீடு. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்பர் முன்னோர். உண்மையில், அது கொட்டி மயக்கிச் சேமித்த புழுவோ சிலந்தியோ அதன் குஞ்சுக்கு இரையாகிறது. நாம் சீண்டினாலன்றி அது எளிதில் கொட்டாது.

"இதை விட்டுவைக்கலாம் சாமி, அதை என்ன செய்வது?" என்று அவர் கொல்லைப் பனையைச் சுட்டினார். மட்டைகளுக்கிடையே பானையளவு கூடு! கரிய உடலில் மஞ்சள் பட்டை பூண்ட கதண்டுகள் மொய்த்தன. கீழே நின்ற அவர் மகன் கையில் கல்! நம் நெஞ்சு பதைத்தது.

கதண்டுகள் கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகலாம். ஒவ்வாமை உள்ளவர்க்கு ஒரு கொட்டே போதும். கல்லெறிவதும் நாமே பந்தம் கொளுத்துவதும் பேதைமை. 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்தால், தக்க காப்புடன் வந்து அகற்றுவர். கொட்டுண்டவர்க்கு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ கண்டால், சுண்ணாம்பு தடவிக் காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சிறுவன் கல்லைக் கீழே போட்டான். தாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். எதனை விட்டுவைப்பது, எதனை விலக்குவது என்று அறிவதும் இல்லறத்தார்க்கு ஒரு கல்வியன்றோ!