தம்பி பாக்குற பழைய படகு

பர்மிங்ஹாம்ல இருக்கிற தம்பி கூப்பிட்டான்.
"அக்கா, வாடகை கட்டி முடியல. கால்வாயில குடியிருக்க பழைய நேரோபோட் ஒண்ணு பாத்திருக்கேன்."

ஏழடி கூட அகலம் இல்லாத இரும்புப் படகு!

புது பெயிண்ட், விறகு அடுப்பு, குட்டி சமையல்கட்டு. அதுல மயங்கிட்டான்.

இங்க ரவாங்ல உக்காந்து ராத்திரி பூரா அதைப் பத்தியே படிச்சேன்.

அடித்தகடுதான்டா உயிரு.
படகைத் தண்ணியிலேர்ந்து மேல ஏத்தி, சர்வேயரை வெச்சு தடிமன் அளக்கணும். 4 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா இன்சூரன்ஸ் கிடைக்கிறதே கஷ்டம்.
சொந்த நிறுத்துமிடம் இல்லன்னா, பொதுவா 14 நாளைக்கு மேல ஒரே இடத்துல கட்டவும் முடியாது. அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேற இருக்கே?

அங்க படகுல குடியிருக்கிற நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா? அவன் முன்பணம் கட்டுறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசுங்களேன்.